நாணொலி முந்தும் தூரம்

நினைத்தாலே இன்றும் மனம் கனக்கும் ஓர் அம்பை நான் 38 கஜத் தூரத்திலிருந்து எய்தேன். அந்த எண்ணைத் தூரம் அளக்கும் கருவியான ரேஞ்ச்ஃபைண்டர் காட்டியது, அதில் பிழை இல்லை. தரையிலிருந்து சுமார் 6 மீட்டர் உயரத்தில் கட்டியிருந்த பரணில் அன்று பிற்பகல் முழுவதும் அசையாமல் அமர்ந்திருந்தேன். காற்று அடங்கியிருந்தது, வெளிச்சம் மங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. புதர் ஓரமாகத் தனியே வந்த ஒரு முதிர்ந்த பெண்மான், எனக்குப் பக்கவாட்டாக நின்று, தலையைத் தூக்கி நான் இருந்த மரத்தின் பக்கம் பார்த்தது. அதற்கு முந்தைய வாரம்தான் பயிற்சித் திடலில் 40 கஜத் தூரத்தில் ஐந்து அம்புகளை ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் செருகியிருந்தேன். அந்தத் தெம்பில் வில்லை இழுத்து, குறிபார்க்க வில்லில் பொருத்தியிருக்கும் சைட் பின்னை மானின் முன்காலுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தி, நாணை விடுவித்தேன்.

அம்பின் அடியில் பொருத்தியிருந்த சிறு பச்சை விளக்கு நான் குறிவைத்த இடத்தை நோக்கிப் பிசகாமல் போனதைக் கண்ணால் பார்த்தேன். அது போய்ச் சேர்வதற்குள் அந்த இடம் கீழே இறங்கிவிட்டதையும் பார்த்தேன். மானின் வயிறு தரையை நோக்கித் தாழ, முதுகு அம்பின் பாதைக்குள் வந்தது. பின்னர் இறங்கிச் சென்று பார்த்தபோது அம்பு மறுபக்கம் மண்ணில் குத்தி நின்றது. அதன் தண்டில் கொஞ்சம் இரத்தமும் விரலில் வழவழத்த கொழுப்பும் இருந்தன. மான் நின்ற இடத்தில் நுனி கறுத்த, முரட்டு முடிகள் ஒரு பிடி உதிர்ந்து கிடந்தன. அடிவயிற்று முடி வெள்ளையாக இருக்கும், முதுகு முடிதான் அப்படி இருக்கும். அந்த ஒரு பிடி முடியே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. துளித்துளியாகச் சென்ற இரத்தத் தடம் 150 அடி வைப்பதற்குள் மெலிந்து, ஓர் ஓடைக்கரையில் அற்றுப்போனது. அன்றிரவும் மறுநாள் முழுவதும் தேடியும் மான் கிடைக்கவில்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். வில்லையோ அம்பையோ என் கையையோ அன்று குறை சொல்ல முடியாது. அம்பு நான் அனுப்பிய இடத்துக்கே போனது. நாணை விடுவதற்கு முன்னால், இந்தத் தூரத்தில் எய்யலாம் என்று நான் எடுத்த முடிவுதான் தவறு. உரிமம் பெற்று, பருவம் பார்த்து, சட்டம் அனுமதிக்கும் நிலங்களில், அமெரிக்கக் கண்டங்களில் வாழும் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடுகிறவர்கள் எத்தனை கஜம் வரை எய்யலாம் என்பதைப் பற்றி அன்றிலிருந்து நான் யோசித்து வந்ததை இங்கே எழுதுகிறேன். வில்லாளியின் திறமை எவ்வளவு தூரம் எட்டும் என்பது இந்தக் கேள்வியில் ஒரு பாதிதான். நாணின் ஒலி மானின் காதை எட்டிய பிறகு அம்பு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பது மறுபாதி, அந்தப் பாதியில் நம்முடைய பயிற்சி எதுவும் செல்லாது.

முதலில், அம்பு எப்படிக் கொல்கிறது என்பதைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். 26 கிராம் எடையுள்ள ஓர் அம்பு நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 94 ஜூல். மான் வேட்டைக்குப் பயன்படும் பல துப்பாக்கித் தோட்டாக்கள் 3,000 ஜூலுக்கு மேல் கொண்டுசெல்கின்றன. தோட்டா தன் வேகத்தால் சுற்றியுள்ள திசுக்களையும் சிதைக்கிறது. அம்போ தன் கூர்முனையின் அலகுகள் தொட்ட இடத்தை மட்டுமே அறுக்கிறது, பெரும்பாலும் இரத்தப்போக்கினால்தான் கொல்கிறது. இரு நுரையீரல்களும் துளைக்கப்பட்ட மான் சில நொடிகளில் நினைவிழந்து, பெரும்பாலும் 100 மீட்டருக்குள் விழுந்துவிடும். அதே அம்பு ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டால், அதே மான் பல மணி நேரம் உயிரோடு துன்பப்படும். இதயமும் நுரையீரல்களும் சேர்ந்து பக்கவாட்டில் காட்டும் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். தூரம் பற்றிய முடிவு முழுவதும் இந்த ஒரு சாணுக்குள் அடங்க வேண்டும்.

இனி ஒலிக்கு வருகிறேன். அந்தப் பெண்மானை இழந்த வாரத்தில் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சக்கரங்கள் பொருத்திய என் காம்பவுண்ட் வில்லிலிருந்து அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் புறப்படுகிறது. காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,125 அடி செல்கிறது, ஆகவே அம்பைவிட நாணொலிதான் எப்போதும் முந்திச் சேரும். எவ்வளவு முந்துகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். 20 கஜம் என்பது 60 அடி. அதைக் கடக்க அம்புக்கு 0.21 நொடியும் ஒலிக்கு 0.05 நொடியும் ஆகின்றன. மானுக்குக் கிடைப்பது 0.16 நொடி. ஒலியைக் கேட்டு உடல் அசையத் தொடங்க அதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும் என்று வைத்துக்கொண்டால், அசைவதற்கு மிஞ்சுவது 0.06 நொடி.

அந்த நேரத்தில் மான் என்ன செய்கிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அம்பைக் கண்டு அது விலகுவதில்லை. ஓடுவதற்கு ஆயத்தமாகிறது. நின்ற நிலையிலிருந்து பாய வேண்டுமானால் முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தியாக வேண்டும், மனிதன் குதிக்குமுன் முழங்காலை மடக்குவதைப் போல. கால்களின் பிடியைத் தளர்த்தினால் உடல் ஏறத்தாழப் புவியீர்ப்பின் வேகத்தில் விழும், அதைவிட வேகமாக விழ அதனால் முடியாது. ஆகவே எவ்வளவு தாழ முடியும் என்பதைப் பள்ளிப் பாடக் கணக்கிலேயே அறியலாம். 20 கஜத்தில் மிஞ்சும் 0.06 நொடியில் 2 சென்டிமீட்டர். 30 கஜத்தில் மிஞ்சும் 0.14 நொடியில் 10 சென்டிமீட்டர். 40 கஜத்தில் மிஞ்சும் 0.22 நொடியில் 24 சென்டிமீட்டர். நேரம் கொஞ்சம் கூடினாலும் விழும் தூரம் அதன் இருமடியில் பெருகுகிறது. அதனால்தான் 20 கஜத்துக்கும் 40 கஜத்துக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மடங்காக நிற்காமல் பன்னிரண்டு மடங்காகிவிடுகிறது.

நடுவில் குறிவைத்தால் அந்த ஒரு சாண் வட்டத்தில் மேலே 10 சென்டிமீட்டர்தான் இடம் உண்டு. 30 கஜத்தில் மான் முழு விரைவோடு தாழ்ந்தால் அம்பு வட்டத்தின் விளிம்பில் படும். 40 கஜத்தில் வட்டத்துக்கு வெளியே, வெகு உயரத்தில் படும். நான் எய்த 38 கஜத்துக்குக் கணக்கிட்டபோது 21 சென்டிமீட்டர் வந்தது. தாளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, அம்புத் தண்டில் இருந்த கொழுப்பையும் நுனி கறுத்த முடியையும் நினைத்துக்கொண்டேன். போகப் போக அம்பு வேகம் இழப்பதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் மானுக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் கூடும்.

எல்லா மான்களும் இப்படித் தாழ்வதில்லை என்பதும் உண்மை. தலையைக் குனிந்து, வாலைத் தளர்வாக ஆட்டிக்கொண்டு, நிம்மதியாக மேயும் மான் பெரும்பாலும் அம்பு பட்ட பிறகுதான் அசைகிறது. காதுகள் இரண்டும் ஒரே திசையில் திரும்பி விறைத்து நிற்கும் மான் அப்படியல்ல. கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்துவதைப் போலப் பாசாங்கு செய்து சட்டென்று உயர்த்தும் மானும், முன்காலால் தரையை ஓங்கி மிதிக்கும் மானும் ஏற்கெனவே பாதி பாய்ந்துவிட்டவை. அந்தப் பெண்மான் தலையைத் தூக்கி என் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று மேலே எழுதினேன். 15 கஜத்தில் நின்றிருந்தால்கூட யோசிக்க வேண்டிய நிலை அது. நான் ரேஞ்ச்ஃபைண்டரில் தெரிந்த எண்ணைப் படித்தேனே தவிர மானின் காதைப் படிக்கவில்லை. இப்போது எனக்கு ஒரே எல்லை என்று ஒன்று கிடையாது. நிம்மதியான மானுக்கு 25 கஜம், எச்சரிக்கையடைந்த மானுக்கு 15 கஜம் என்று வைத்திருக்கிறேன். என்னையே நேராகப் பார்க்கும் மானை எந்தத் தூரத்திலும் எய்வதில்லை.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். நடந்து வரும் மானை நிறுத்துவதற்காக, வில்லை இழுத்து வைத்துக்கொண்டு வாயால் மெல்ல ஒரு கனைப்பொலி எழுப்புவது வேட்டைக்காரர்களிடையே மிகப் பரவலானது. மான் உடனே நிற்கும். ஆனால் எப்படி நிற்கிறது என்று பாருங்கள்: தசைகள் இறுகி, காதுகள் நிமிர்ந்து, எங்கிருந்து வந்தது இந்த ஒலி என்று தேடிக்கொண்டு நிற்கிறது. நாமே அதை எச்சரித்துவிட்டு, அடுத்த நொடியில் இரண்டாவது ஒலியையும் அனுப்புகிறோம். 15 கஜத்தில் இதனால் பெரிய கேடு வராமல் போகலாம். 30 கஜத்தில் மானைத் தாழ வைக்க இதைவிட உறுதியான வழி வேறில்லை. அது தானாக நிற்கும் இடம் எது என்பதைப் பரண் கட்டும்போதே யோசித்து, மேய்ச்சல் உள்ள இடத்தையோ பாதைகள் சந்திக்கும் இடத்தையோ பார்த்து அமர்வது எவ்வளவோ மேல்.

நடக்கும் மானை எய்வதற்கு ஒலிக்கணக்குகூடத் தேவையில்லை. நொடிக்கு ஒரு மீட்டர் என்ற மெதுவான நடையில், 40 கஜத் தூரத்து அம்பு வந்து சேரும் 0.43 நொடிக்குள் மான் 43 சென்டிமீட்டர் முன்னே போய்விடும். நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் போய் முடியும். நின்றுகொண்டிருந்த மான் நாம் விடுவிக்கும் கணத்தில் ஓரடி எடுத்து வைத்தாலும் இதே கதைதான், அந்த ஓரடியை முன்கூட்டி அறிய எந்தக் கருவியும் இல்லை. தூரத்தைக் குறைத்தால் அந்த ஓரடிக்கான நேரமும் குறையும். வேறு வழியில்லை.

இனி வில்லாளியின் பாதி. பயிற்சித் திடலில் நான் ஏமாந்த விதம் எளிமையானது. முப்பது அம்பு எய்து உடல் சூடேறிய பிறகு, மெல்லிய சட்டையோடு, சமதரையில் கால்களை அகற்றி நின்று, தூரம் எழுதிய பலகையைப் பார்த்து எய்த ஐந்து அம்புகளை என் திறமை என்று எண்ணிக்கொண்டேன். வேட்டையில் முப்பது அம்பு எய்துவிட்டு ஒருவரும் தொடங்குவதில்லை. நான்கு மணி நேரம் குளிரில் விறைத்து அமர்ந்திருந்து, கனத்த மேலங்கியோடு, உடம்பைத் திருக்கி, இதயம் காதில் அடித்துக்கொள்ள, ஒரே ஓர் அம்பை எய்கிறோம். அந்த ஓர் அம்பு மட்டுமே கணக்கு.

அதனால் கடந்த இரண்டு ஆண்டுகளாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து, நாள்தோறும் காலையில் வில்லை எடுத்ததும் முதல் அம்பு, வேட்டைக்குப் பயன்படுத்தும் அதே கூர்முனையோடு, ஒரு காகிதத் தட்டை நோக்கி. பட்டதா இல்லையா, நடுவிலிருந்து எத்தனை விரற்கடை விலகியது என்று எழுதுகிறேன். பிறகு எத்தனை எய்தாலும் அவை நோட்டில் ஏறுவதில்லை. பயிற்சி முனையும் வேட்டைக் கூர்முனையும் ஒரே பாதையில் பறக்கும் என்று நம்பிவிடக்கூடாது. அலகுகள் காற்றைப் பிடிப்பதால் தூரம் கூடக் கூட விலகலும் கூடும். சில நாட்கள் முற்றத்தைச் சுற்றி ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்க எய்கிறேன், சில நாட்கள் இழுத்த வில்லை ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு எய்கிறேன். குளிர்கால மேலங்கியை அணிந்து முதல்முறை எய்தபோது நாண் சட்டைக் கையில் உரசி, அம்பு தட்டுக்கு ஒரு முழம் தள்ளிப்போனது. அது காட்டில் நடந்திருக்க வேண்டியது. அந்த நோட்டுப் புத்தகத்தின்படி 20 கஜத்தில் என் முதல் அம்பு ஒருநாள்கூடத் தட்டைத் தவறவில்லை. 30 கஜத்தில் பத்துக்கு ஒன்று தவறுகிறது, 40 கஜத்தில் மூன்றுக்கு ஒன்று தவறுகிறது. உள்ளங்கை அகலத்துக்குள் ஐந்து அம்பு செருகியவனின் உண்மைக் கணக்கு இதுதான். அட்டையில் பத்துக்கு ஒன்று தவறுவது நல்ல மதிப்பெண். உயிருள்ள விலங்கிடம் அதை ஏற்க என் மனம் இடம் தரவில்லை.

தூரத்தை மதிப்பிடுவதில் நேரும் பிழை தனி. என் வில்லின் வேகத்தில், 40 கஜத்தில் நிற்கும் மானை 35 கஜம் என்று எண்ணி எய்தால் அம்பு 11 சென்டிமீட்டர் கீழே போகும், அதாவது வட்டத்துக்கு வெளியே. அதே 5 கஜப் பிழையை 20 கஜத்தில் செய்தால் 6 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதை எடுத்து அளந்து, கீழே வைத்து, வில்லை இழுத்து முடிப்பதற்குள் மான் நாலு கஜம் நகர்ந்திருக்கும். நடுவில் நிற்கும் ஒரு கிளையை அளந்துவிட்டு மானை அளந்ததாக நினைத்துக்கொள்வதும் நடக்கும். பரணில் ஏறியவுடன் சுற்றியுள்ள மரங்களையும் பாறைகளையும் அளந்து, என் எல்லை எந்த மரத்தோடு முடிகிறது என்று மனத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொள்கிறேன். அந்த வட்டத்துக்கு வெளியே நிற்பதை அளந்துகூடப் பார்ப்பதில்லை. அளந்தால் ஆசை வருகிறது.

மிக அருகில் நிற்பதும் எளிது என்று எண்ணிவிட வேண்டாம். 6 மீட்டர் உயரப் பரணின் அடியில், மரத்திலிருந்து மூன்று நான்கு கஜத்தில் நிற்கும் மானை எய்தால், அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டும் துளைத்துவிட்டுப் போகலாம். ஒரு நுரையீரலோடு மான் வெகுதூரம் ஓடும். வெளியேறும் துளை நெஞ்சின் அடியில் அமையாவிட்டால் இரத்தத் தடமும் கிடைக்காது. எனக்கு மனநிறைவான தூரம் 12 முதல் 22 கஜம் வரை. அந்த இடைவெளியில் அம்பு ஓரளவு சாய்வாக நுழைந்து இரு நுரையீரல்களையும் கடந்து, மறுபக்கம் தாழ்வாக வெளியேறுகிறது.

மான் நிற்கும் கோணமும் தூரத்தின் எல்லையை மாற்றுகிறது. பக்கவாட்டாக நிற்கும்போதும், பின்புறம் நம் பக்கமாகச் சற்றுத் திரும்பி, விலகிப் போகும் சாய்வில் நிற்கும்போதும் வழி திறந்திருக்கிறது. சாய்ந்து நிற்கும் மானில் மறுபக்க முன்காலை நோக்கி அம்பு போக வேண்டும் என்று வைத்துக் குறிபார்ப்பது என் வழக்கம். நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மானிலோ தோள்பட்டை எலும்பு குறுக்கே நிற்கிறது. நேர்முகமாக நிற்கும் மானையும் பின்புறம் காட்டி நிற்கும் மானையும் நான் விட்டுவிடுகிறேன். இன்னொன்று: நான் இப்போது வட்டத்தின் நடுவில் குறிவைப்பதில்லை. இதயம் நெஞ்சின் கீழ்ப்பகுதியில், முன்காலின் முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே, பின்னால் இருக்கிறது. அங்கே குறிவைத்தால் மான் அசையாதபோது அம்பு இதயத்தில் படும், தாழ்ந்தால் நுரையீரலில் படும். சிலர் இதை வைத்துக்கொண்டு, 40 கஜத்தில் மானின் வயிற்றுக்கோட்டுக்குக் கீழே காற்றில் குறிவைத்தால் போதும், மான் தானாக அம்புக்குள் இறங்கிவிடும் என்று கற்றுத்தருகிறார்கள். மான் தாழும் என்று பந்தயம் கட்டி எய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தாழாமல் நின்றுவிட்டால் அதன் கால்கள் அல்லவா அம்பின் பாதையில் இருக்கும்?

வேகமான வில் வாங்கினால் இந்தத் தொல்லை தீராதா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையில் தொடங்கி உடும்பு வரை ஐந்து உயிர்களை ஊடுருவியது என்று கேட்டு வளர்ந்த நமக்கு வில்லின் வலிமை மீது ஒரு மயக்கம் இருப்பது இயல்பே. ஹாலஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்ட் வில், சக்கரங்களின் உதவியால் முழுதும் இழுத்த நிலையில் சுமையைக் குறைத்துக் கொடுத்தது. இன்று 80 சதவீதம் சுமை குறையும் 60 பவுண்டு வில்லை 12 பவுண்டுச் சுமையோடு நிதானமாகப் பிடித்துக் குறிபார்க்கலாம். இது வில்லாளியின் பாதிக்குப் பேருதவி. மானின் பாதியில் அது கொண்டுவந்த மாற்றம் சிறியது. நொடிக்கு 280 அடியை 310 அடியாக உயர்த்தினாலும் ஒலி அம்பைவிட மூன்றரை மடங்குக்கு மேல் விரைவாகவே போகிறது. அந்தக் கூடுதல் வேகத்துக்காக அம்பின் எடையைக் குறைத்தால், அம்பில் ஏறாத ஆற்றல் வில்லின் அதிர்வாகவும் ஒலியாகவும் வெளியேறும், ஊடுருவலும் குறையும். நான் அதற்கு எதிர்த்திசையில் போனேன். கனமான அம்பும், நாணில் அதிர்வடக்கும் ரப்பர்த் துண்டுகளுமாக, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து வில்லை அமைதியாக்கினேன். சக்கரமில்லாத மரபு வில் எய்பவர்களிடம் இந்தத் தெளிவு முன்பே இருந்தது. நொடிக்கு 180 அடி போகும் அம்போடு அவர்கள் 15 கஜத்துக்குள் மான் வரும்வரை காத்திருக்கிறார்கள்.

திறந்த வெளிகளில் வேறு இன மான்களை 60, 70 கஜத்திலிருந்து எய்து வீழ்த்தும் காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் எய்பவர்களின் கைத்திறனை நான் மறுக்கவில்லை. தவறிப்போன அம்பை யாரும் காணொளியாக வெளியிடுவதில்லை என்பதை மட்டும் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். வெள்ளைவால் மான் அடர்ந்த காட்டோரங்களில் ஒவ்வொரு சருகின் ஒலிக்கும் அஞ்சி வாழ்கிற விலங்கு. அதன் காதுக்கு நம் கைத்திறன் விளங்காது.

எய்த பின் செய்ய வேண்டியதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லையை மீறி எய்பவர் அதற்கும் பொறுப்பேற்க வேண்டும். அம்பில் நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் இருந்தால் நுரையீரல்; அரை மணி நேரம் பொறுத்துத் தடத்தைத் தொடரலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரலாக இருக்கக்கூடும். நான்கு முதல் ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். பச்சையான செரிமானக் கழிவும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் பன்னிரண்டு மணி நேரம், அந்தப் பக்கமே போகக்கூடாது. அவசரப்பட்டுப் பின்தொடர்ந்தால் படுத்த மான் எழுந்து ஓடிவிடும், பிறகு கிடைப்பது அரிது. இருட்டுவதற்கு முன் கடைசிப் பத்து நிமிடங்களில் என் 25 கஜ எல்லையையும் 15 ஆகக் குறைத்துக்கொள்கிறேன். சைட் பின்னுக்குப் பின்னால் மானின் உடல் ஒரே நிழலாகத் தெரியும் நேரம் அது, இரத்தத் தடத்தை விளக்கொளியில் தேட வேண்டிய நேரமும் அதுதான்.

அந்தப் பெண்மான் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. முதுகுத் தசையில் மட்டும் பட்ட அம்பிலிருந்து மான்கள் பிழைத்துக்கொள்வதுண்டு, ஆனால் அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ள நான் விரும்பவில்லை. பருவம் முடியும்வரை மரத்தில் கட்டிய கேமராவில் பதிவான ஒவ்வொரு படத்தையும் முதுகில் தழும்பு தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். தெரியவில்லை.

சென்ற பருவத்தில் அதே பரணில் அமர்ந்திருந்தபோது ஓர் ஆண்மான் வந்தது. நான் மனத்தில் வட்டமிட்டிருந்த எல்லைக்கு அப்பால், பட்டுப்போன ஒரு மரத்தின் அருகே நின்று மேய்ந்தது. அந்த மரம் 31 கஜம் என்பது எனக்கு முன்பே தெரியும். மான் நிம்மதியாகத்தான் இருந்தது. வால் தளர்வாக ஆடியது, ஒரு காது மட்டும் அவ்வப்போது பின்னே திரும்பி மீண்டது. அது கிள்ளித் தின்ற இலையின் ஒலிகூட எனக்குக் கேட்டது. அப்படியானால் என் ஒலி அதற்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று எண்ணிக்கொண்டே, வில்லை மடியில் வைத்தபடி இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வட்டத்துக்குள் வரவில்லை. மேய்ந்துகொண்டே மேட்டில் ஏறி மறைந்தது. அன்றிரவு வீட்டுக்குப் போனதும், வில்லின் சைட்டிலிருந்து 40 கஜத்துப் பின்னைக் கழற்றி, பயிற்சி முனைகள் போட்டுவைக்கும் டப்பாவில் போட்டேன். இன்றும் அங்கேதான் இருக்கிறது.